எலுமிச்சம்பழம் கழற்றிய விரல்

என் வீட்டுக்காரருக்கு ஊரில் மூன்று பெயர். சம்பளப் பட்டியலில் செல்வதாஸ், சானிட்டரி இன்ஸ்பெக்டர். டி.டி.டி. அடிக்கப் போகிற இடங்களில் கொசு சார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் 'கொதிச்ச பால்'. அந்த மூன்றாவது பெயர் அவராகத் தேடிக்கொண்டது. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, "கொதிச்ச பாலுக்குக் குத்தமில்ல" என்று மூன்று தடவை தொண்டை கிழியச் சொல்ல வைக்காமல் படி இறங்க மாட்டார். பச்சைப் பாலில் கிருமி இருக்கும், பொங்கவிட்டால் செத்துப்போகும். திருவனந்தபுரத்தில் ஒரு வருஷம் தங்கிப் படித்துவிட்டு வந்த படிப்பில் அவருக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

வீட்டிலும் விட்டாரா? காலையும் மாலையும் அடுப்படி வாசலில் தலை தெரியும். "பிள்ளே, பால் பொங்கிச்சா?" என்பார். "அடுப்புல வச்சது பாலா, கல்லா? பொங்காம என்ன செய்யும்?" என்று நான் கத்துவேன். எனக்குக் கோபம் வரவர அவருக்குச் சிரிப்பு வரும். கல்யாணம் முடிந்த ஆறு வருஷமும் எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தியபாய்க்கு வாய் நீளம் என்று எங்கள் சபையில் சொல்லுவார்கள். நீளம்தான். அந்த வாயை ஒரு தடவை திறக்க வேண்டிய நேரத்தில் இரண்டு நாள் மூடி வைத்திருந்தேன் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். இரணியலுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. என் நாத்தனார் நேசம்மாளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண். மாப்பிள்ளை மார்த்தாண்டத்துக்காரர், அவருடைய அப்பா ராஜையன் வாத்தியார். திங்கட்கிழமை மதியம் எங்கள் வீட்டில் நிச்சயம், பதினெட்டுப் பேருக்குச் சாப்பாடு என்று முடிவானது. சரியாக அந்த வாரம் பார்த்து என் வலது கை ஆட்காட்டி விரலில் நகச்சுற்று வந்து தொலைத்தது. விரல் பழுத்து, விண்விண்ணென்று தெறித்து, இரண்டு ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வா, கீறி விட்டா சரியாப் போவும்" என்றார் இவர்.

"நிச்சயத்தை வச்சிக்கிட்டு கையைக் கீறிட்டுக் கிடக்கவா? நீங்க வந்து தேங்கா திருவுவியளா?" என்று கேட்டேன். வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு வைத்தியம் பார்த்தது பால் கொண்டுவருகிற செல்லத்தாய் அக்காதான். மூன்று பசு வைத்திருந்தாள். நெற்றியில் நாமம், இடுப்பில் பால் செம்பு, வாயில் எப்போதும் ஒரு கேலி. அவள் வீட்டு வருமானம் முழுக்க அந்த மூன்று பசுவின் மடியில்தான் இருந்தது. என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். நான் கத்தினால் பதிலுக்குக் கத்துகிற ஒரே ஆள் ஊரில் அவள்தான், அதனாலேயே எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். என் விரலைப் பார்த்ததும், "ஏட்டி, இத இப்பிடி விட்டா விரலே போயிரும், கேட்டியா" என்று வைதுவிட்டு, தன் வீட்டு மரத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் பறித்து வந்தாள். காம்புப் பக்கம் ஒரு துளை போட்டு, உள்ளே மஞ்சளும் உப்பும் திணித்து, விரலில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டாள். எரிச்சலில் நான் குதித்த குதிப்பைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டிருக்கும். ஆனால் வலி குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சீழ் உடைந்து, அதற்குப் பிறகுதான் உயிர் வந்தது.

அன்று சாயங்காலம் ஒன்பது நாழிப் பால் கொண்டுவந்து ஊற்றினாள். எங்கள் வீட்டுப் பால் பாயசத்தின் விசேஷமே பாலாடைதான். சாயங்காலமே பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, மேலே படர்கிற ஆடையை எடுத்து நூல்நூலாகப் பிய்த்துத் திரும்பப் பாலிலேயே போட்டு, தணல் கிடக்கிற அடுப்போரத்தில் மூடி வைத்துவிட வேண்டும். காலையில் அந்தப் பாலில் அரிசி போட்டு மறுபடி காய்ச்சினால், நாக்கில் ஆடை தட்டத்தட்ட இருக்கும். என் மாமியார் இருந்தபோது சொல்லிக்கொடுத்த பக்குவம். ஆடையைக் கரண்டியால் பிய்த்தால் கட்டி விழும். விரலால்தான் பிய்க்க வேண்டும்.

விரலில் எலுமிச்சம்பழம். அதை வைத்துக்கொண்டு பாலுக்குள் கையை விட்டால் பால் திரிந்து போகும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நான் என்ன அவ்வளவு விவரம் இல்லாதவளா? பழத்தைப் பத்திரமாகக் கழற்றி வைத்தேன். புளிப்பு போகட்டும் என்று விரலைத் தண்ணீரில் ஒரு தடவை அலசி, முந்தானையில் துடைத்துவிட்டு, இளஞ்சூடான பாலில் ஆடையைப் பிய்த்துப் போட்டேன். பாலுக்கு ஒரு சொட்டுப் புளிப்பு படவிடவில்லை. வாழையிலை போட்டு மூடிவிட்டுப் பழத்தைத் திரும்ப விரலில் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் பால் திரியவும் இல்லை, ஒரு வாடையும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டேன். இவரும் வந்து நின்று பார்த்தார். "பொங்கிச்சு, பொங்கிச்சு" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. ஜெபம் முடிந்து இலை போட்டோம். பாயசம் ஊற்றினதும் ராஜையன் வாத்தியார் வாழைப்பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கி, ஒரு வாய் எடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். "பாலாடை! இது கொள்ளாமே, நல்லாருக்கே! யாரு வச்சது?" என்று கேட்டார். மூன்று தடவை வாங்கினார். பக்கத்து இலையில் அவர் தம்பி மத்தியாஸ் மட்டும் நீரிழிவுக்காரர் என்று பாயசத்தைத் தொடாமல், அண்ணன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கானால் தலைகால் புரியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று நேசம்மாளைக் கிள்ளினேன். "மைனி, உங்க பாயசத்துக்காகவே என்னக் கெட்டிக்கிடுவாவ போலுக்கே" என்றாள் அவள். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு நான் பாயச உருளியை வழித்துச் சாப்பிட்டேன்.

அவர்கள் மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்கள். பஸ் தக்கலை தாண்டவில்லை. முதலில் வாத்தியாருக்கு வாந்தி. பிறகு அவர் மனைவிக்கு. பிறகு வரிசையாக எல்லாருக்கும். மத்தியாஸ் ஒருத்தர்தான் தலை நிமிர்ந்து நின்றவர். அவர்தான் டிரைவரிடம் சண்டை போட்டு பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாராம்.

இங்கே எங்கள் வீட்டிலும் அதே கூத்து. இவர் கொல்லைத் தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி எடுக்கிறார். எனக்கு வயிற்றைப் பிசைகிறது, நிற்க முடியவில்லை. அந்த நிலையிலும் மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்கிறார்: "பிள்ளே… பால்… பொங்கிச்சா?"

"நீங்கதான நின்னு பாத்திய, மனுஷா!" என்று கத்தினேன். கத்தின கையோடு நானும் அதே தென்னையைப் பிடித்தேன். கத்துகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே, பிழைத்துக்கொள்வாள் என்று அவர் நினைத்தாராம், பிற்பாடு சொன்னார்.

யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாரும் எழுந்து கஞ்சி குடித்துவிட்டார்கள். ஆனால் எழுந்த உடனே ராஜையன் வாத்தியார் செய்த காரியம், மேலதிகாரிக்கு ஒரு புகார் எழுதி, அப்போதே ஆளிடம் கொடுத்தனுப்பியது. பாயசம் சாப்பிட்டவர்களுக்கு மட்டும்தான் வந்தது, அரிசியிலும் சர்க்கரையிலும் என்ன இருக்கும், பால்தான் காரணம், பால்காரி குளத்துத் தண்ணீரைக் கலந்திருக்கிறாள், அவள் பால் விற்பதையே நிறுத்த வேண்டும் என்று. விசாரித்து எட்டு நாளில் ரிப்போர்ட் எழுதச் சொல்லி அடுத்த நாளே உத்தரவு வந்தது. யாருக்கு? சரகத்து சானிட்டரி இன்ஸ்பெக்டருக்கு. அதாவது தென்னையைக் கட்டிப்பிடித்து நின்றவருக்கு.

ரிப்போர்ட்டுக்கு ஊர் காத்திருக்கவில்லை. டீக்கடை ஓமனா பால் வாங்குவதை நிறுத்தினாள். உபதேசியார் வீட்டில் நிறுத்தினார்கள். பல்லி விழுந்த பால் என்றார்கள், மாட்டுக்குச் சீக்கு என்றார்கள். ஆளுக்கொரு கதை. செல்லத்தாய் அக்கா கறந்த பாலைக் கன்றுக்குட்டிகளுக்கே திரும்ப ஊட்டினாள்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். புதன்கிழமை காலை அவள் செம்போடு கொல்லைப்பக்கம் வந்து நின்றபோது, அவள் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு நாளைக்குப் பால் வேண்டாம் அக்கா" என்றேன். நான் பாலை இரண்டு தடவை காய்ச்சினவள். என் பக்கம் ஒரு குற்றமும் இல்லை. அப்படியானால் அவள் பக்கம்தானே ஏதோ இருக்க வேண்டும்? இப்படித்தான் என் புத்தி ஓடியது.

அவள் செம்பை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "விரலு எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். மடியிலிருந்து ஒரு புது எலுமிச்சம்பழத்தை எடுத்துப் படிக்கல்லில் வைத்தாள். "பழச எடுத்துட்டு இத மாட்டு. காஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு நிறைந்த செம்போடு திரும்பிப் போனாள்.

அன்றைக்கு மத்தியானம் இவர் நோட்டும் பென்சிலுமாகச் செல்லத்தாய் அக்கா வீட்டுக்கு விசாரணைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். மாட்டுத் தொழுவத்தைப் பார்த்தார். மூன்று மாட்டின் மடியையும் குனிந்து குனிந்து பார்த்தார். செம்புகளை மோந்து பார்த்தார். அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. வெயிலில் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்கள் என் வீட்டுப் பாத்திரங்களைவிடச் சுத்தமாக இருந்தன. அதுவேறு எனக்கு எரிச்சல்.

"ஞாயிறு சாயங்காலம் கறந்த பாலு வேற யாருக்கெல்லாம் குடுத்த?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஒம்பது நாழி. ஓமனா கடைக்கு ரெண்டு. உபதேசியாருக்கு ஒண்ணு. மிச்சத்த நானும் எனக்க பிள்ளையளும் குடிச்சோம். ஒருத்தருக்கும் ஒரு தும்மல் வரல்ல."

இவர் எழுதுவதை நிறுத்தினார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கேலி போய்விட்டிருந்தது.

"சாரே, நான் ஒண்ணு கேக்கேன். எனக்கப் பையன் பள்ளிக்கூடத்திலருந்து வந்து தெனமும் சொல்லுகான், கொதிச்ச பாலுக்குக் குத்தமில்லன்னு. நீங்க சொல்லிக்குடுத்ததுதான? உங்க வீட்டுல ரெண்டு மட்டம் கொதிச்சிருக்கு. பின்ன எனக்கப் பாலுல குத்தம் இருந்தா அது அங்கயே செத்திருக்கணுமே? எப்பிடி சாரே வந்துது?"

இவர் பென்சிலைப் பையில் செருகினார். வீட்டுக்கு நடந்து வந்தோம். வந்ததும் தகரப் பெட்டியை இழுத்து, திருவனந்தபுரத்தில் படித்த காலத்து நோட்டுகளைத் தரையெல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில் ஒரு நோட்டில் ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றது. பிறகு நோட்டை மூடிவிட்டு என் கையைப் பார்த்தார்.

சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மறுநாளும் அப்படியே. பால் பொங்கிச்சா என்று கேட்கக்கூட அடுப்படிக்கு வரவில்லை. ஆறு வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டு எரிந்து விழுந்தவள், அன்றைக்கு அதைக் கேட்க மாட்டாரா என்று வேறு ஆளிடம் வாங்கின பால் முன்னால் நின்றேன். பிறகு பொறுக்க முடியாமல் கரண்டியோடு போய் அவர் எதிரில் நின்றேன்.

"எளவு வீடு மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய. என்ன கண்டுபிடிச்சிய, சொல்லுங்க. சொல்லாம இன்னைக்கு எந்திரிக்க விடமாட்டேன்."

அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். எலுமிச்சம்பழத்தை மெதுவாகக் கழற்றினார்.

"பாலாடை பிய்க்கும்போ இது விரல்ல இருந்துதா?"

"எடுத்துட்டேன். இல்லாட்டா பால் திரியாதா?"

"புண்ணு?"

"அன்னைக்குக் காலம்பறதான் ஒடஞ்சுது. வெள்ளத்துல அலசிட்டுத்தான் கையவே வச்சேன்."

கண்ணை மூடிக்கொண்டார். மூடினபடியே, பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பழுத்த புண்ணுல ஒருவகை கிருமி உண்டு. அது பாலுக்குள்ள எறங்கி, ராத்திரி முழுக்க அந்த எளஞ்சூட்டுல ஒண்ணு ஆயிரமாப் பெருகியிருக்கு. பெருகும்போ ஒரு விஷத்தக் கக்கும். அதுக்கு நெறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. காலையில நீ கொதிக்க வச்சப்பம் கிருமி எல்லாம் செத்துது. அது கக்கின விஷம் சாகாது பிள்ளே. ஒரு மணி நேரம் கொதிச்சாலும் சாகாது."

"இத நீங்க ஒருநாளும் சொல்லலியே!"

"படிச்சேன். நோட்டுல ஒரே ஒரு வரி. பரீட்சைல எழுதினேன், அதோட மறந்துட்டேன். நெனவுல நின்னது கொதிச்ச பால் மட்டும்தான்."

அத்தனை பேரை, என் புருஷனை, என் கையால் நானே. அவர் என் தலையைத் தடவினார். "நான் ரிப்போர்ட்ல, காரணம் தெரியவில்லைன்னு எழுதிருவேன். ஒனக்கப் பேரு வராது. நேசம்மாளுக்குக் கல்யாணமும் முடங்காது. நீ அழாத" என்றார். இந்த மனுஷனைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று அழுதேன். பெரிய நிம்மதி வந்தது. அந்த நிம்மதியில் வயிறாரச் சாப்பிட்டேன்கூட.

கை கழுவ கொல்லைக்குப் போனபோதுதான் படிக்கல்லைப் பார்த்தேன். புதன்கிழமை அக்கா வைத்த பழம் இருந்த இடம். காரணம் தெரியவில்லை என்று இவர் எழுதுவார். ஊருக்குக் காரணம் தெரியும். அது செல்லத்தாய் பால். யாரும் அழித்து எழுதாவிட்டால் அவள் சாகிற வரைக்கும் அதுதான் காரணம். அதற்கு மேல் சாப்பிட்டது எனக்கு உள்ளே தங்கவில்லை. இந்தத் தடவை பாயசம் ஒன்றும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை ராஜையன் வாத்தியாரும் மத்தியாஸும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ரிப்போர்ட்டில் என்ன எழுதப்போகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் கல்யாணத் தேதியே பேசுவார்களாம். வாத்தியார் சொல்லியனுப்பி, செல்லத்தாய் அக்காவும் முற்றத்தில் வந்து நின்றிருந்தாள்.

"சார், பால்காரி மேல நடவடிக்கை உண்டா, இல்லியா?" என்றார் வாத்தியார்.

இவர் நோட்டைத் திறந்தார். "விசாரிச்சதுல… காரணம்…"

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். பின்னாலிருந்து நேசம்மாள் என் சேலையைப் பிடித்தாள். அவளுக்கும் எல்லாம் தெரியும், நான்தான் முந்தின நாள் சொல்லியிருந்தேன். தடுக்கப் போகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். என் முந்தானையைச் சரிசெய்து விட்டுவிட்டு, "போங்க மைனி" என்றாள்.

விரலில் இருந்த எலுமிச்சம்பழத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விரலை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினேன்.

"இதுதான் காரணம். பழுத்த விரலோட நான் பால்ல கைய வச்சேன். அக்காவுக்கப் பாலுல ஒரு குத்தமும் இல்ல. ரிப்போர்ட்ல எழுதுகதுன்னா எனக்கப் பேர எழுதுங்க. சத்தியபாய், சானிட்டரி இன்ஸ்பெக்டருக்கப் பெண்டாட்டி."

வாத்தியார் எழுந்துவிட்டார். "கொதிச்ச பாலுக்குக் குத்தமில்லன்னு எனக்கப் பள்ளிக்கூடத்துலயும் வந்து இவருதான கத்த வச்சாரு!"

இவரும் எழுந்தார். "தப்பு என்னோடது வாத்தியாரே. பாதிப் பாடம்தான் சொல்லிக்குடுத்தேன். மிச்சப் பாதிய வந்து சொல்லுகேன். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லுகேன்" என்றார். எனக்கு அவரை அங்கேயே கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

சிரித்தது மத்தியாஸ்தான். "அண்ணே, மூணு தடவ வாங்கிக் குடிச்சது நீரு. பெறகு கத்தி என்ன செய்ய? உள்ளதச் சொல்லுகதுக்கு ஒரு பெண்ணு இருக்கிற வீடு. இதவிட்டா வேற எங்க போய் சம்பந்தம் தேடுவீரு?" என்றார்.

வாத்தியார் ரொம்ப நேரம் மீசையை முறுக்கினார். கடைசியில் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணத்துப் பாயசத்தில் என் கை படக்கூடாது. நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

முற்றத்தைப் பார்த்தேன். செல்லத்தாய் அக்கா போய்விட்டிருந்தாள்.

ரிப்போர்ட் உள்ளபடி போனது. திங்கட்கிழமையிலிருந்து ஓமனா கடையில் மறுபடி அவள் பால். உபதேசியார் வீட்டில், எங்கள் வீட்டில், எல்லா இடத்திலும். என் விரலும் ஆறிவிட்டது, ஆஸ்பத்திரியில் கீறி மருந்து வைத்தார்கள். ஆனால் அக்கா என்னோடு பேசவில்லை. வருவாள், அளந்து ஊற்றுவாள், போவாள். நான் வம்புக்கு இழுத்தாலும் பதிலுக்குக் கத்துவதில்லை. குளத்துத் தண்ணீர் என்று ஊர் சொன்னதை அவள் பொறுத்துக்கொண்டாள். 'ரெண்டு நாளைக்குப் பால் வேண்டாம்' என்று நான் சொன்னதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாசம் அப்படியே போனது. பேச ஆள் இல்லாமல் எனக்கு வாயே வற்றிப்போனது.

கல்யாணம் வந்தது. விடியும்போதே பந்தலுக்குப் பின்னால் பெரிய உருளி ஏறியது. வெளியூர்ச் சமையல்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயசக் கரண்டியோடு தயாராக நின்றார். ராஜையன் வாத்தியாரும் மேற்பார்வை பார்க்கச் சீக்கிரமே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் தூரத்தில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். செல்லத்தாய் அக்கா அப்போதுதான் கறந்த பாலைக் கொண்டுவந்தாள், கூட இரண்டு பேர் குடத்தோடு. கண்ணெதிரில் பால் பொங்கியது. இறக்கி ஆறவிட்டபோது மேலே கெட்டியாக ஆடை படர்ந்தது. சமையல்காரர் கரண்டியை உள்ளே விடப் போனார்.

"நில்லும்" என்றாள் அக்கா. அவர் நின்றார்.

"ஏட்டி சத்தியபாய்! இஞ்ச வா."

இரண்டு மாசம் கழித்து என் பெயர் அவள் வாயில். அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"அந்தக் கை படக்கூடாதுன்னு சொல்லியாச்சே!" என்றார் வாத்தியார், நாற்காலியிலிருந்து எழும்பி.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "இது எனக்கப் பாலு வாத்தியாரே. இத எவ கிளறணும்னு நான்தான் சொல்லுவேன். இஷ்டமில்லாட்டா சொல்லும், பால எடுத்துட்டுப் போறேன். கன்னுக்குட்டி குடிச்சுப் பழகினதுதான்."

வாத்தியார் உருளியைப் பார்த்தார். படர்ந்திருந்த ஆடையைப் பார்த்தார். "எடுக்காண்டாம், எடுக்காண்டாம். கிளறட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "ஆடைய நல்லாப் பிச்சுப் போடச் சொல்லு."

அதற்குள் இவர் ஒரு கையில் சோப்பும் இன்னொரு கையில் தண்ணீர்ச் செம்புமாக ஓடி வந்துவிட்டார். பள்ளிக்கூடங்களில் இப்போது அவர் சொல்லிக்கொடுப்பது, 'கொதிச்ச பாலுக்குக் குத்தமில்ல, கையில புண்ணு இல்லாட்டா, வச்சு ஆறப்போடாட்டா'. பாட்டு நீண்டுபோய்ப் பிள்ளைகள் நடுவில் மூச்சுவிட்டுத்தான் முடிக்கிறார்கள். இவர் தண்ணீர் ஊற்ற ஊற்ற, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன்.

செல்லத்தாய் அக்கா என் இரண்டு கையையும் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினாள். அந்தச் சோதனையில் இன்ஸ்பெக்டர் தோற்றார். ஒவ்வொரு விரலாக, நகம், நகக்கண், உள்பக்கம் என்று பத்தையும் பார்த்தாள். வலது கை ஆட்காட்டி விரலில் வந்து நின்றாள். அங்கே ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. அதைத் தன் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, அன்னைக்குப் பால் வேண்டாம்னு…" என்று தொடங்கினேன். மேற்கொண்டு வரவில்லை, அழுகைதான் வந்தது.

"சும்மா கெட. கண்ணீரு பால்ல விழப்போவுது" என்றாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. "ஆடைய பிய்யி, ஆறுது" என்று சொன்னாளே தவிர, என் விரலை விடவில்லை.